பிரவுன் கலர் ஆடு

போன ஐப்பசியில ஆடுகளுக்கு இன்சூரன்ஸ் போட ஆள் வந்திருந்தாங்க. காதுல மஞ்சள் வில்லை அடிச்சு, நம்பரைக் குறிச்சு, ஃபாரத்துல வயசு, பல்லு, நிறம் என்று ஒவ்வொண்ணாக் கேட்டு எழுதிக்கிட்டு வந்தார் ஒரு தம்பி. ஒரு ஆட்டைப் பிடிச்சுக்கிட்டு "நிறம் என்னண்ணே?" என்றார். நான் யோசிக்கவே இல்லை. "பிரவுன், அடியில கருப்பு" என்றேன்.

பக்கத்துல குத்தவச்சிருந்த கீதாரி அண்ணாச்சி பொக்கை வாயைத் திறந்து சிரிச்சுட்டார். "ஏந்தம்பி, கீழக்கரிசலுக்கு எப்பருந்து பிரவுனுன்னு பேரு மாத்துனீக?"

பட்டணத்துல இருந்து படிக்கிறவங்களுக்காகச் சொல்றேன். கீழக்கரிசல் எங்க பக்கத்து ஆட்டு இனம். உடம்பு செம்மண் நிறமா இருக்கும், அடிவயிறு மட்டும் மை பூசுன மாதிரி கருகருன்னு இருக்கும். கருவி என்றும் சொல்வாங்க. எங்க அய்யா அறுபது உருப்படி வச்சிருந்தவர். எனக்கு அந்தச் சொல் தெரியாமலா இருக்கும்? தெரியும். ஆனா ஃபாரம், பேனா, கலர் என்றதும் வாயில வந்தது பிரவுன்தான். அன்னைக்குச் சிரிச்சுட்டு விட்டாச்சு.

ஒரு மாசம் கழிச்சு என் தங்கச்சி மகன் வாட்ஸ்அப்புல ஒரு போட்டோ அனுப்பினான். அவனுக்கு ஸ்காட்லாந்துல, அபர்தீன் என்கிற ஊர்ல, எண்ணெய்க் கம்பெனி வேலை. அங்கிருந்து ராத்திரி முழுக்கக் கப்பல்ல போனா ஷெட்லாந்து தீவுகள் வருமாம். ஸ்காட்லாந்துக்கு வடக்க, நார்வேக்கு மேற்க, நடுக்கடல்ல கிடக்குற தீவுக்கூட்டம். மரமே இல்லாத மேடு, எங்க பாத்தாலும் ஆடு. வேலை விஷயமாப் போனவன் அங்க ஒரு ஆட்டைப் படம் பிடிச்சிருக்கான். மேல வெளிறின சாம்பல், அடிவயிறு கருப்பு. உரோமம்தான் எக்கச்சக்கமே தவிர, பூச்சு அப்படியே நம்ம கீழக்கரிசல்.

போன் போட்டேன். "மாமா, அந்த ஆட்டுக்கு இங்க 'காட்மோகெட்'னு பேரு. ஆட்டுக்காரர்கிட்ட இது இங்கிலீஷான்னு கேட்டேன், இல்லையாம். நோர்ன்னு ஒரு பாஷையாம்."

"அந்தப் பாஷை பேசுறவங்க யாரு?"

"யாரும் இல்ல மாமா. அது செத்துப் போச்சு. ஆட்டு நிறத்துக்கு மட்டும் மிச்சம் இருக்கு."

அந்தக் கடைசி வாக்கியம் என்னைப் பிடிச்சுக்கிச்சு. மழை விட்டு, களை எடுப்பும் முடிஞ்சு, கையில வேலை கம்மியா இருந்த நாட்கள். அவன் அனுப்பினதையும் நானாத் தேடினதையும் ராத்திரி ராத்திரியாப் படிச்சேன். அதைத்தான் இங்க எழுதுறேன்.

கதை நமக்குப் பழக்கமான இடத்துல இருந்துதான் ஆரம்பிக்குது: வரதட்சணையும் அடமானமும். ஷெட்லாந்தும் அதுக்குத் தெற்கே இருக்குற ஆர்க்னியும் அறுநூறு வருஷத்துக்கு மேல நார்வேக்காரங்க குடியிருந்த மண். அவங்க கப்பல்ல கொண்டுவந்த பாஷைதான் அங்கேயே வேர்விட்டு நோர்ன் ஆச்சு. ஐஸ்லாந்துப் பாஷைக்கும் ஃபாரோ தீவுப் பாஷைக்கும் அது பங்காளி. டென்மார்க்கையும் நார்வேயையும் சேர்த்து ஆண்ட முதலாம் கிறிஸ்டியன் ராஜா தன் மகள் மார்கரெட்டை ஸ்காட்லாந்து ராஜாவுக்குக் கட்டிக்கொடுத்தார். பேசின தொகை 60,000 ஃப்ளோரின், அந்தக் காலத்துப் பொற்காசு. கையில காசு இல்லை. 1468-ல ஆர்க்னியை 50,000-க்கு அடமானம் எழுதிக் கொடுத்தார். மிச்சம் 10,000 ரொக்கம் தர்றேன்னு சொன்னவரால 2,000தான் புரட்ட முடிஞ்சுச்சு. 1469-ல மீதி 8,000-க்கு ஷெட்லாந்தையும் எழுதி வச்சுட்டார். பின்னால வந்த ராஜாக்கள் மீட்கப் பார்த்தாங்க, நடக்கலை. எங்க ஊர்ல அடகுக்குப் போன பம்படிக் காடு எத்தனை வீட்டுக்குத் திரும்பி வந்திருக்கு?

ஒரே நாள்ல பாஷை மாறலை. ஆனா ஸ்காட்லாந்துல இருந்து நிலக்கிழார்கள் வந்தாங்க, கோர்ட்டு வந்துச்சு, பாதிரியார் வந்தார். பத்திரம் அவங்க பாஷையில, பிரசங்கம் அவங்க பாஷையில. நோர்ன்ல பைபிள் கிடையாது, அச்சடிச்ச புத்தகம் ஒண்ணுகூடக் கிடையாது. பேச்சு மட்டும்தான். பேச்சு வீட்டுக்குள்ள, தொழுவத்துல, படகுல இருந்துச்சு.

1774-ல ஜார்ஜ் லோ என்கிற பாதிரியார் ஷெட்லாந்துல சுத்துப்பயணம் போனார். செடி கொடி, பறவை எல்லாம் குறிச்சு வைக்கிற ஆளு. மேற்கே தனியாக் கிடக்குற ஃபூலா என்ற குட்டித் தீவுக்கும் போனார். அங்க வில்லியம் ஹென்றின்னு வயசான ஒருத்தர். விவசாயி. (இதைப் படிச்சதும் எனக்கு ஒரு நிமிர்வு வந்துச்சு, மறைக்க மாட்டேன்.) அவர் ஒரு பழைய கதைப்பாட்டை நோர்ன்லயே சொல்லியிருக்கார், 35 செய்யுள். ஆர்க்னி பிரபு ஒருத்தர் நார்வே ராஜா மகள் ஹில்டினாவைத் தூக்கிட்டுப் போறதும், அவரைக் கொன்னவனை அவளே கல்யாணப் பந்தல்ல வச்சுத் தீயில பொசுக்குறதுமா, நம்ம வில்லுப்பாட்டுக்குத் தோதான கதை.

லோவுக்கு நோர்ன் ஒரு வார்த்தை தெரியாது. காதுல விழுந்ததை விழுந்தபடி எழுதினார். எங்க ஒரு சொல் முடியுது, எங்க அடுத்தது தொடங்குதுன்னே தெரியாம எழுதினது. வில்லியம் ஹென்றி கதைச் சுருக்கத்தை அவருக்குப் புரியுற பாஷையில சொல்லி உதவியிருக்கார். அந்தக் காகிதம் என்ன சொல்லுதுன்னு வரிக்கு வரி பிரிச்சு ஒரு ஆராய்ச்சி வந்தது 1900-ல, மாரியஸ் ஹெக்ஸ்டாட் என்ற நார்வே அறிஞர் கையால. நடுவுல 126 வருஷம். நோர்ன்ல இன்னைக்குக் கிடைக்கிற நீளமான எழுத்து அந்தப் பாட்டு ஒண்ணுதான். ஒரு சம்சாரியோட ஞாபகமும், புரியாட்டியும் உக்காந்து எழுதின ஒருத்தரோட பொறுமையும் இல்லேன்னா அதுவும் இல்லை.

லோ அங்கேயே முப்பது சொல் கொண்ட ஒரு பட்டியலும் எடுத்தார். ரொட்டி, ஓட்ஸ் ரொட்டி, பார்லி ரொட்டி, நாலஞ்சு வகை மீன், படகு, பாய், கரண்டி, செருப்பு, குதிரை, பசு, ஆடு. முழுக்க வீடும் தொழுவமும்தான். இதுல ரெண்டு விஷயம் எனக்கு ரொம்பப் பிடிச்சுது. பட்டியல்ல பல சொல்லோட கடைசியில 'இன்' என்ற ஒலி ஒட்டிக்கிட்டு இருக்கு. கரண்டிக்கு 'ஸ்போனின்'. அந்த 'இன்' என்பது 'அந்த' என்று சுட்டுற ஒட்டு. லோ 'கரண்டிக்கு என்ன பேரு'ன்னு கேட்க, பெரியவர் 'அந்தக் கரண்டி'ன்னு பதில் சொல்லியிருக்கார். கையில கிடந்த கரண்டியைக் காட்டித்தான் சொல்லியிருப்பார்னு நானா நினைச்சுக்கிட்டேன். இன்னொண்ணு, ஆட்டுக்கு அவர் சொன்ன சொல் 'ஃபீ'. அதோட மூலச் சொல்லுக்குப் பழைய நார்வேப் பாஷையில கால்நடை என்றும் அர்த்தம், சொத்து என்றும் அர்த்தம். நம்ம பழந்தமிழ்ல 'மாடு' என்றாலே செல்வம்தானே.

லோவே வருத்தமாத்தான் எழுதி வச்சிருக்கார்: பேசுறவங்க ரொம்பக் கம்மி, மிச்சம் இருக்குறது சில பொருட்களோட பேரும், ஒரு கிழவர் தட்டுத்தடுமாறிச் சொல்ற பாட்டுத் துண்டுகளும்தான் என்று.

கடைசியா நோர்ன் பேசினவர் யாருன்னு கேட்டா, அன்ஸ்ட் தீவுல ஸ்கா என்ற இடத்துல இருந்த வால்டர் சதர்லாண்ட் பேரைச் சொல்றாங்க. பிரிட்டனோட வடகோடி வீடுகள்ல ஒண்ணு அது. 1850 வாக்குல இறந்தார். ஆனா அவர் பேசினது முழுப் பாஷையா, இல்லை சொல்லும் துண்டுமா நினைவு வச்சிருந்தாரா என்பதுல அறிஞர்களுக்குள்ள சண்டை.

சண்டை அது மட்டும் இல்லை. பாஷை எப்படிச் செத்துச்சு என்பதுலயும் ரெண்டு கட்சி. கொஞ்சம் கொஞ்சமா, ஒரு சொல் போய் இன்னொரு சொல் வந்து, உப்பு தண்ணியில கரையுற மாதிரி கரைஞ்சு போச்சுன்னு ஒரு கட்சி. இல்லை, ஜனங்க ரெண்டு பாஷையும் சுத்தமாவே பேசினாங்க, ஒரு கட்டத்துல பிள்ளைங்ககிட்ட நோர்ன் பேசுறதை நிறுத்திட்டாங்க, அவ்வளவுதான்னு இன்னொரு கட்சி. மைக்கேல் பார்ன்ஸ் என்பவர் 1998-ல நோர்ன் பத்தி எழுதின புத்தகத்துல ரெண்டாவது பக்கம்தான் நிக்கிறார். 1800-க்கு முன்னாடியே வீட்டுப் பேச்சா அது முடிஞ்சிருக்கும் என்பது அவர் கணக்கு.

நான் பார்ன்ஸ் கட்சி. காரணம் என் வீட்லயே இருக்கு. எங்க அய்யா ஒவ்வொரு ஆட்டையும் நிறத்தை, சுட்டியை, காதைச் சொல்லித்தான் கூப்பிடுவார். எனக்கு எல்லாம் தெரியும். என் மக கோயம்புத்தூர்ல படிக்கிறா. அவளுக்கு எல்லாமே ஆடு. யாரும் தடை போடலை, எதுவும் கரையலை. நான் அவகிட்ட சொல்லலை, அம்புட்டுத்தான். தமிழ் சாகப் போகுதுன்னு ஒப்பாரி வைக்க இதை எழுதலை, தமிழுக்கு ஒண்ணும் ஆகலை. நான் சொல்றது என் தொழுவத்து வாசப்படியைப் பத்தி மட்டும்.

இப்ப முக்கியமான ஆளுக்கு வர்றேன். யாக்கோப் யாக்கோப்சன். 1864-ல ஃபாரோ தீவுல பிறந்தவர். ஃபாரோவும் ஷெட்லாந்து மாதிரியே நார்வேக்காரங்க குடியேறின தீவு. அங்கேயும் அப்போ சர்ச்சுலயும் ஆபீஸ்லயும் டேனிஷ் பாஷைதான் இருந்துச்சு. ஆனா ஜனங்க வீட்ல ஃபாரோ பாஷையை விடலை, இன்னைக்கும் விடலை. 1893-ல இவர் ஷெட்லாந்துல வந்து இறங்கினார். 1895 வரைக்கும் தீவு தீவா, வீடு வீடா அலைஞ்சார்.

வால்டர் சதர்லாண்ட் செத்து நாப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு. பேசுற ஆளே இல்லாத பாஷையை இவர் எங்க போய்க் கேட்டார்? ஜனங்க பேசினது ஸ்காட்லாந்துப் பேச்சு. ஆனா அந்தப் பேச்சுக்குள்ள பழைய சொல் முளைச்சுக்கிட்டே இருந்துச்சு. எங்கெங்க என்றால் வயல்ல, கடல்ல, வானத்துல, தொழுவத்துல. கரி வெட்டுற மண்வெட்டிக்கு 'டுஷ்கர்' என்பாங்க, அது 'புல்கரிமண் வெட்டி' என்ற பழைய கூட்டுச் சொல் தேய்ஞ்சது. மரம் இல்லாத ஊரு, அடுப்புக்கு அந்த மண்ணைத்தான் வெட்டிக் காயவச்சு எரிப்பாங்க. ஆட்டுப்பட்டிக்கு 'க்ரோ'. அங்கத்து ஆட்டுக்குக் கோடை வந்தா உரோமம் தானாக் கழண்டு வரும். கத்தரியே வேண்டாம், கையால உருவிடலாம். அந்த உருவுற வேலைக்கு 'ரூ'. சர்ச்சுக்காரரும் கோர்ட்டுக்காரரும் ஆட்டு உரோமம் உருவ வரலை, அதனால அதுக்கு அவங்ககிட்ட சொல்லும் இல்லை. பழைய சொல்லே நின்னுக்கிச்சு.

படகுல இன்னொரு வேடிக்கை. ஆறு துடுப்புப் படகுல ஆழ்கடலுக்குப் போற மீன்காரங்க, கரையில புழங்குற சில பேரை நடுக்கடல்ல சொல்லக் கூடாது. சொன்னா ஆகாது. பாதிரியார்னு சொல்லக் கூடாது, 'எழுந்து நிக்கிறவர்'. சர்ச்சுன்னு சொல்லக் கூடாது, 'வேண்டுதல் வீடு'. பூனையைப் பூனைன்னு சொல்லக் கூடாது. இப்படி மாத்திச் சொன்ன பேருங்க நிறைய நோர்ன் சொற்கள்தான். நாம ராத்திரியில பாம்பைப் பூச்சின்னு சொல்றோம்ல, அதே பயம். கரையில செத்த பாஷையைக் கடல் பயம் கொஞ்ச காலம் கூடுதலா வாழ வச்சிருக்கு. அது சும்மா வந்த பயமும் இல்லை. 1881 ஜூலையில ஒரே புயல்ல பத்துப் படகு போய் 58 பேர் வீடு திரும்பலை.

யாக்கோப்சன் சேர்த்தது சுமார் 10,000 சொல். ஒரே சொல்லை இந்தத் தீவுல இப்படிச் சொல்றாங்க, அடுத்த ஊர்ல அப்படிச் சொல்றாங்கன்னு ஊர் ஊராக் குறிச்சிருக்கார். அகராதி 1908-ல இருந்து பகுதி பகுதியா டேனிஷ்ல வெளிவந்துச்சு. முடியுறதுக்குள்ள 1918-ல, 54 வயசுல, போய்ச் சேர்ந்துட்டார். கடைசிப் பகுதி 1921-ல வந்துச்சு, பிறகு இங்கிலீஷ்லயும் ரெண்டு பாகமா வந்துச்சு. ஆர்க்னி சொற்களை ஹியூ மார்விக் என்ற அந்த ஊர் வாத்தியார் தொகுத்து 1929-ல போட்டார்.

இந்தச் சொல் கூட்டத்துல என்னை உக்கார வச்சது ஆட்டுப் பேருங்கதான். மருமகன்கிட்ட சொல்லி ஒரு பட்டியலும் படங்களும் வாங்கினேன். செம்பழுப்புன்னா 'மூரிட்', கரி மண்ணோட சிவப்பு. இரும்புச் சாம்பல்னா 'ஷேலா', உறைபனி விழுந்த மாதிரி. கண்ணைச் சுத்தி வேற நிறம் இருந்தா 'யூக்லெட்'. கால் மட்டும் வேற நிறம்னா 'சோக்கெட்', காலுறை போட்டது. முகம் மட்டும் வெள்ளைன்னா 'ஷோல்மெட்', தலைக்கவசம் மாட்டுனது. கழுத்துல வளையம் இருந்தா 'பீல்செட்'. அடி கருத்து மேல வெளுத்தா நம்ம 'காட்மோகெட்'. அது தலைகீழா, மேல கருத்து அடி வெளுத்தா 'குல்மோகெட்'. ஷெட்லாந்து ஆடு வளர்க்கிறவங்க இன்னைக்கும் இந்தப் பேரைத்தான் சொல்றாங்க. அமெரிக்காவுக்கு அந்த ஆட்டைக் கொண்டுபோனவங்ககூட இந்தச் சொற்களையும் சேர்த்தே கொண்டுபோயிருக்காங்க. நோர்ன்ல ஒரு வாக்கியம் பேசத் தெரியாத ஆளு, தன் ஆட்டை நோர்ன்லதான் கூப்பிடுறார்.

இதைப் பாத்து ரொம்பக் குதிக்கவும் முடியலை. பத்தாயிரம் சொல் இருக்கு, சரி. அடம் பிடிக்கிற பிள்ளையை நோர்ன்ல எப்படித் திட்டுவாங்க? பக்கத்து வீட்ல மோர் கேட்டு வாங்க எப்படிப் பேசுவாங்க? அது அகராதியில இல்லை. விதை டப்பா நிறைய இருந்தாலும் அது காடு ஆகாதுல்ல. சில பேர் இப்ப ஃபாரோ, நார்வேப் பாஷைகளைப் பாத்து ஓட்டையை அடைச்சு நோர்னைத் திரும்பக் கட்டப் பாக்குறாங்க. ஆர்வத்தைக் குறை சொல்ல மாட்டேன். ஆனா வர்றது வில்லியம் ஹென்றி பேசினதா இருக்காது, ஒட்டுக்கட்டின மரமாத்தான் இருக்கும். ஒட்டு மாங்காயும் மாங்காய்தான், அது வேற விஷயம்.

இதெல்லாம் படிச்ச பிறகு ஒரு நோட்டை வாங்கிக்கிட்டு கீதாரி அண்ணாச்சியைத் தேடிப் போனேன். அப்போ கிடை எங்க ஊர் மேற்குக் காட்டுல கிடந்துச்சு. கம்பளியைப் போத்திக்கிட்டு உக்காந்திருந்தார். "அண்ணாச்சி, ஆட்டு நிறத்துக்கு உங்களுக்குத் தெரிஞ்ச பேரெல்லாம் சொல்லுங்க, எழுதிக்கிறேன்" என்றேன்.

"பேரா? என்ன பேரு?" என்றார். செவலை, கருவி என்று ரெண்டு சொன்னார், வெள்ளாட்டுல கரும்போரை, செம்போரை என்றார். அப்புறம் பீடியைப் பத்த வச்சுக்கிட்டு மழையைப் பத்திப் பேச ஆரம்பிச்சுட்டார். இவருக்கு வேற தெரியாதோன்னே நினைச்சுட்டேன். அரை மணி நேரம் கழிச்சு அவரே, "ஏந்தம்பி, சும்மா உக்காந்துகிட்டு பேரு சொல்லுன்னா எப்படி வரும்? ஆட்டக் காட்டு, சொல்றேன்" என்றார்.

அப்பதான் எனக்கு அந்த 'ஸ்போனின்' ஞாபகம் வந்துச்சு. டார்ச் லைட்டை எடுத்துக்கிட்டு கிடைக்குள்ள இறங்கினோம். அவர் ஒவ்வொரு ஆட்டா மூஞ்சியைத் திருப்பிப் பிடிப்பார், நான் வெளிச்சம் அடிப்பேன், அவர் சொல்வார், நான் டார்ச்சை வாயில கவ்விக்கிட்டு எழுதுவேன். காதுக்கு ஒரு பேரு, நெத்திப் புள்ளிக்கு ஒரு பேரு, வாலுக்கு ஒண்ணு. நானே கேள்விப்படாதது பாதி. பதினொரு மணிக்குள்ள நோட்டுல நாலு பக்கம்.

ஒரு கிடேரிக்கு மட்டும் நின்னுட்டார். முகத்துல பாதி வெள்ளை, பாதி செவலை, மூக்கு கருப்பு. தடவிக்கிட்டே நின்னார். "இதுக்கு எங்கய்யா ஒரு பேரு சொல்லுவாரு. நாக்கு நுனியில நிக்கிது." ரொம்ப நேரம் நின்னார். வரலை. நான் நிறத்தை எழுதி, பேருக்கு இடம் விட்டுட்டு வந்துட்டேன்.

முந்தாநாள் காலையில போன் வந்துச்சு. கிடை இப்ப எட்டு மைல் தள்ளிப் போயிருச்சு, அவர் பேரன் போன்ல இருந்து பேசினார். "தம்பி, அந்தக் கிடேரி பேரு ஞாபகம் வந்துருச்சு."

"சொல்லுங்க அண்ணாச்சி, நோட்டை எடுக்கிறேன்."

"போன்ல என்னத்தச் சொல்ல? ஆடு இங்கன நிக்கிது. வந்து பாத்துட்டு எழுதிக்கோ."

நாளைக்கு வெங்காயத்துக்குத் தண்ணி பாய்ச்சிட்டுக் கிளம்பணும். மகளுக்கு லீவு விட்டிருக்கு, அவளையும் வண்டியில ஏத்திக்கிட்டுப் போகலாம்னு இருக்கேன்.